நாலாவது சங்கதி

பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பாட ஆரம்பித்ததும் சொந்தக்காரர்கள் என்னைப் பெரிய மனுஷியாக்கிவிட்டார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் இலைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு, "கிராமத்துக் குழந்தைங்களுக்குச் சங்கீதத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கறீங்க, எவ்வளவு பெரிய சேவைங்க" என்பார்கள். நானும் வாயில் இருப்பதை மென்றுகொண்டே தலையை ஆட்டிவைப்பேன். சேவையாவது, மண்ணாங்கட்டியாவது. அங்கே என்னை யாருக்கும் தெரியாது என்பதற்காகத்தான் போனேன்.

தெரிந்த ஊரில் எனக்கு ஒரு தொல்லை உண்டு. கோயம்புத்தூரில் எந்த மேடையில் உட்கார்ந்தாலும் பாதிக் கச்சேரிக்குள் இன்னதைப் பாடுங்கள் என்று சீட்டு வந்துவிடும். மோகன ராகத்தில் ஒரு கீர்த்தனை. அதைப் பாடாமல் என்னை இறங்க விடமாட்டார்கள். கீர்த்தனைக்காகக்கூட இல்லை, அதில் ஒரே ஒரு இடத்துக்காக. ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் பாடும்போது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாற்றி, அழகு கூட்டிக்கொண்டே போவோம். அதற்குச் சங்கதி என்று பெயர். இந்தக் கீர்த்தனையில் அனுபல்லவி வரி மேலே ஏறி உச்சியில் போய் நிற்கும். மூன்று சங்கதி எல்லோரும் பாடுவது. நாலாவது நான் மட்டும் பாடுவது. உச்சிக்குப் போன குரல் அங்கே நிற்காமல் சட்டென்று வழுக்கிப் பஞ்சமம் என்கிற நடுச் சுரத்துக்கு இறங்கி, மறுபடி ஏறும். அந்த இடம் வந்ததும் சபையில் ஒரு "ஆஹா" கிளம்பும். என் பெயரைச் சொல்லி, அவருடைய சங்கதி என்று எழுதியிருக்கிறார்கள். என் மாணவிகள் தங்கள் மாணவிகளுக்கு அப்படிச் சொல்லித்தான் கற்றுக்கொடுக்கிறார்கள்.

அந்த இடத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டு உருகுகிறேன் என்று ஒரு விமர்சகர் எழுதினார். உருக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. கண்ணைத் திறந்தால் நாலாவது வரிசையில் ஒரு பெண் மடியில் என் துணிப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பதினைந்து வயசு, எண்ணெய் வழியும் ரெட்டைச் சடை. முப்பது வருஷமாக அவளுக்கு வயசு கூடவில்லை. அந்தச் சங்கதி அவளுடையது.

நாங்கள் இருவரும் ஒரே வாத்தியாரிடம் பாட்டுக் கற்றோம். பீளமேட்டில் அவர் வீட்டு முன்னறையில் காலை ஆறு மணிக்கு வகுப்பு. என் அப்பாவுக்குச் சொந்தத் தொழில். அவள் அப்பா மில்லில் ஃபிட்டர். ஒருநாள் வாத்தியார் பால் வாங்கப் போயிருந்தார். நாங்கள் அந்த வரியை ஆளுக்கு ஒரு தடவையாக மாற்றி மாற்றிப் பாடிக்கொண்டிருந்தோம். அவள் உச்சிக்குப் போனாள். மூச்சுப் போதவில்லையோ என்னவோ, குரல் வழுக்கிவிட்டது. கீழே பஞ்சமத்தில் வந்து விழுந்து, ஒரு நொடி வழி தெரியாமல் நின்று, பிறகு மெல்ல ஏறி வந்து சேர்ந்தாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது. அவளோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஐயோ, உளறிப்போட்டேன் புள்ள. அவருகிட்டச் சொல்லிப்போடாத" என்றாள்.

நான் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்ப் பாடிப் பார்த்தேன். பத்து நாள் கதவைச் சாத்திக்கொண்டு பாடினேன். கீழே இறங்கி அந்த ஒரு நொடி நிற்பது மட்டும் எனக்கு அமையவில்லை. அவள் நின்றபோது அழுகை வந்தது. நான் நின்றால் பாட்டு மறந்துபோய் நிற்கிற மாதிரி இருந்தது. அதனால் அதை எடுத்துவிட்டேன். இறங்கின கையோடு ஏறுகிற மாதிரி வழவழப்பாக்கிக்கொண்டேன். அடுத்த மாதம் ஒரு போட்டியில் பாடினேன், முதல் பரிசு கிடைத்தது. நடுவராக வந்திருந்தவர் மைக்கைப் பிடித்து, அந்த இடத்தைத் தனியாகச் சொல்லி, "இதை யாரும்மா சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டார். வாத்தியாருக்கும் அதுதான் கேள்வி, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தானா வந்துச்சுங்க" என்றேன்.

நாலாவது வரிசையில் அவள் என் பையைக் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இறங்கி வந்ததும் பையைக் கொடுத்து, என் கையைப் பிடித்து, "நெம்ப நல்லாப் பாடின" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதில் குத்தல் இருந்ததா இல்லையா என்று எத்தனையோ வருஷம் யோசித்திருக்கிறேன். இரண்டு மாதம் கழித்து அவள் வகுப்புக்கு வருவது நின்றுவிட்டது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன், பூட்டியிருந்தது. ஊரை விட்டே போய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். என்னால்தான் போனாள் என்று அந்தப் பூட்டுக்கு முன்னால் நின்றுகொண்டே முடிவு செய்தேன். அதை மாற்றிக்கொள்ள அதற்குப் பிறகு எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

பள்ளிக்கூடங்களில் இந்தத் தொல்லை இல்லை. வயலின்காரர், மிருதங்கக்காரர், நான், மூவரும் ஒரு வேனில் கிளம்புவோம். மேட்டுப்பாளையம் பக்கம் பாக்குத் தோப்புகளுக்கு நடுவே ஒரு பள்ளி, பல்லடம் பக்கம் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு பள்ளி என்று மாதம் இரண்டு இடம். சிறப்பு விருந்தினராக வருகிறவர் எங்கள் பாட்டை விட நீளமாகப் பேசுவார். மைக் செட்காரர் எங்களைச் சோதனைக்கு "அலோ அலோ" சொல்ல விடாமல் சினிமாப் பாட்டைப் போட்டுச் சோதிப்பார். பிள்ளைகளுக்கு என்னை விட மிருதங்கத்தின் மேல்தான் கண்.

"ஏனுங்க, அதுக்குள்ள என்னங்க இருக்குது?" என்று கட்டாயம் ஒரு பிள்ளை கேட்கும்.

"ஒண்ணுமில்ல சாமி, காத்துதான்" என்பார் மிருதங்கக்காரர். ஒரு பிள்ளையும் அதை நம்பியதில்லை. இடது பக்கத்துத் தோலில் ரவையைக் குழைத்து அப்பினால்தான் அவருடைய வாத்தியத்துக்கு அடிக்குரல் வரும். அதை ஒரு பள்ளியின் சமையலம்மா பார்த்துவிட்டு, "உப்புமா ரவைங்களா? சொல்லியிருந்தா நானே வறுத்துக் குடுத்திருப்பனே" என்று வருத்தப்பட்டார். இப்படி எல்லாம் சிரித்துக்கொண்டு போய் வருவோம்.

அங்கேயும் அந்த மோகனத்தைத்தான் பாடுவேன். ஐந்தே சுரம் என்பதால் பிள்ளைகளுக்கு விளக்க எளிது. ஆனால் மூன்று சங்கதியோடு நிறுத்திக்கொண்டு பல்லவிக்குத் திரும்பிவிடுவேன். யாரும் சீட்டு அனுப்ப மாட்டார்கள். கண்ணைத் திறந்துகொண்டே பாடலாம். எதிரே உட்கார்ந்திருப்பது உண்மையான பிள்ளைகள் மட்டும்தான். அந்தச் சுகத்துக்காக நான் எவ்வளவு குலுங்குகிற வேனிலும் ஏறிப் போவேன்.

போன வருஷம் ஆனைமலைக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளிக்குப் போனோம். வாய்க்கால் ஓரம், சுற்றிலும் தென்னை. பள்ளிக்குப் பின்னாலேயே நார் மில் இருந்தது, தேங்காய் மட்டையை அடித்து நாராக்குகிற இடம். அந்த இரைச்சலில் வயலின்காரர் சுருதி சேர்ப்பதற்குள் அவர் முகம் போன போக்கைப் பார்த்துத் தலைமையாசிரியை தவித்துப்போனார். "நிறுத்தச் சொல்ல முடியாதுங்க. இந்தப் பிள்ளைங்களோட அப்பா அம்மா பாதிப் பேரு அங்கதானுங்க வேலை" என்றார். பரவாயில்லை என்று ஆரம்பித்தேன்.

மோகனம் வந்தது. அனுபல்லவி வரியை ஒரு தடவை பாடினேன், இரண்டாவது பாடினேன், மூன்றாவது பாடினேன். பல்லவிக்குத் திரும்ப மூச்சு எடுத்தேன். அந்த இடைவெளியில் பிள்ளைகளுக்கு நடுவிலிருந்து ஒரு குரல் அதே வரியை மறுபடி எடுத்தது. ஏறியது. உச்சியில் வழுக்கியது. பஞ்சமத்தில் வந்து நின்றது.

நின்றது என்பதைத்தான் நான் சொல்ல வேண்டும். நான் எடுத்துப்போட்ட அந்த ஒரு நொடி. அதை நான் ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு ஆள் பாடிக் கேட்டிருக்கிறேன். வேறு யாரும் கேட்டதே இல்லை. பிறகு அந்தக் குரல் மெல்ல ஏறி வந்து சேர்ந்தது. மிருதங்கக்காரரின் கை நின்றுவிட்டது. என் கை தொடைமேல் கிடந்தது, தாளம் எங்கே விட்டுப்போனது என்று தெரியவில்லை. கூட்டத்தில் தேடினேன். பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் எல்லோருமே ரெட்டைச் சடைதான். அந்த நிமிஷத்தில் எனக்கு அத்தனை பேரும் அவளாகத் தெரிந்தார்கள்.

"யாரது? அவங்க பாடையில குறுக்க பாடறது?" என்று ஒரு ஆசிரியை அதட்டினார்.

ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து நின்றாள். "நானுங்க. அவங்க ஒரு சங்கதி உட்டுப்போட்டாங்க. மறந்துட்டாங்களாட்டன்னு நெனச்சனுங்க."

"உனக்கு யார் கண்ணு சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டேன்.

"எங்கம்மாங்க. நார் மில்லுல இருக்கறாங்க."

மீதியை எப்படிப் பாடி முடித்தேன் என்று ஞாபகம் இல்லை. சரணத்தில் ஒரு வரியையே விட்டுவிட்டேன் என்று வயலின்காரர் பிற்பாடு சொன்னார். பாட்டு முடிந்ததும் தலைமையாசிரியை பிள்ளையின் அம்மாவைக் கூப்பிட ரொம்ப உற்சாகமாக மில்லுக்கு போன் போட்டார். பேசி வைத்துவிட்டு, "அவங்க உங்ககூடப் படிச்சவங்களாமா? எங்களுக்குத் தெரியவே தெரியாதுங்க. சாப்பாட்டு நேரத்துல வரச்சொல்லிப்போட்டேன்" என்றார். நான் வேனைப் பார்த்தேன். ஏறிப் போய்விட வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஆனால் மிருதங்கக்காரர் தட்டைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகளோடு மதிய உணவு வரிசையில் நின்றுவிட்டார். அன்றைக்கு முட்டை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவரை அந்த வரிசையிலிருந்து பிரிக்க யாராலும் முடியாது.

தலைமையாசிரியையின் அறையில் காத்திருந்தேன். முப்பது வருஷமாக அவள் என்னிடம் என்னவெல்லாம் கேட்பாள் என்று மனசுக்குள் அவளுக்காக நானே வசனம் எழுதிவைத்திருந்தேன். திருடி என்பாள். பரிசை வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கவே உனக்குப் பயமாக இல்லையா என்பாள். அதற்கெல்லாம் பதிலும் வைத்திருந்தேன்.

அவள் வந்தாள். மெலிந்து கறுத்திருந்தாள். தலைமுடியிலும் புருவத்திலும் நார்த்தூசி. என்னைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வாங்க, நல்லா இருக்கறீங்களா? பிள்ளை குறுக்க பாடிப்போட்டாளாமா. தப்பா எடுத்துக்காதீங்க, அவளுக்கு வாய் நிக்காதுங்க" என்றாள். குரல் கரகரவென்று இருந்தது. தூசி அதில் ஏறி உட்கார்ந்திருந்தது.

"எனக்கு எதுக்கு வாங்க, போங்க எல்லாம்?" என்றேன்.

"இருக்கட்டுங்க" என்று சிரித்தாள்.

எதை எதையோ பேசினோம். கடைசியில் கேட்டுவிட்டேன், ஏன் சொல்லாமல் போய்விட்டாய் என்று.

"அப்பாவுக்கு மில்லுல வேலை போயிருச்சுங்க. அம்மாவுக்கு ஊரு இதுதானுங்க. ஒரே வாரத்துல சாமானத்தக் கட்டிக்கிட்டு வந்துட்டோம். உங்ககிட்டச் சொல்லிட்டு வரோணும்னு நெனச்சேன், முடியலீங்க. அதொரு கொறை எனக்கு" என்றாள்.

அப்படியானால் என்னால் போகவில்லை. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இத்தனை வருஷம் அவள் மனசில் நான் ஒரு பெரிய முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கிறேன் என்று நம்பியிருந்தேன். அங்கே முள்ளும் இல்லை, ஒன்றும் இல்லை என்றதும் ஏமாந்துபோன மாதிரி இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

"அந்தச் சங்கதி..." என்று ஆரம்பித்தேன்.

அவள் முகம் மலர்ந்தது. "உங்க சங்கதிதானுங்க! ரேடியோவுல எப்பப் போட்டாலும் கேட்டுப்போடுவேன். இப்பப் போன்லயும் வருதுங்களே. அதக் கேட்டுக் கேட்டுத்தான் இவளுக்குச் சொல்லிக் குடுத்தேன். எங்கூடப் படிச்சவங்க சங்கதியாக்கும்னு மில்லுல எல்லார்த்துகிட்டயும் பீத்திக்குவனுங்க."

நான் சொன்னேன். எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். வாத்தியார் பால் வாங்கப் போனது, அவள் வழுக்கியது, வாயைப் பொத்திச் சிரித்தது, நான் அதை எடுத்துப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பாடியது, தானாக வந்தது என்று மைக்கில் சொன்னது. அது உன்னுடையது, நான் திருடினேன் என்றேன். அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் சிரிக்கப்போய் இருமினாள். இருமி முடித்து, "சும்மா இருங்க. எனக்கேதுங்க அதெல்லாம்?" என்றாள்.

"உனக்கு ஞாபகம் இல்லையா?"

"நானு என்னத்தையாச்சும் உளறியிருப்பனுங்க. உளறினதெல்லாம் சங்கதியாகிருமுங்களா? அதை எடுத்து நீங்க பாடினீங்க பாருங்க, அதுதானுங்க சங்கதி." என் கையைத் தொட்டாள். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. "நெம்பப் பெரிய மனசுங்க உங்களுக்கு. எங்களையெல்லாம் ஞாபகம் வெச்சு இப்படிச் சொல்றீங்களே."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் போதும். அவளுக்குத் திட்ட எதுவும் இல்லை. நான் கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும், நம்பு, நம்பு என்று. அவள் பெரியவர்களிடம் தலையாட்டுவது மாதிரி எனக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்து பிள்ளை உள்ளே எட்டிப்பார்த்தாள். அவளை இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "ஒரே ஒரு ஒதவிங்க" என்றாள் அவள். "எனக்கு அது உங்களாட்ட வரமாட்டேங்குதுங்க. கீழ எறங்கினதும் ஒரு எடத்துல நின்னு போயிருது. எத்தனையோ தடவ பாடிப் பார்த்துட்டேன், போகவே மாட்டேங்குது. இவளுக்கும் அதே தப்பு ஒட்டிக்கிச்சு. நீங்க இருக்கையிலயே திருத்திக் குடுத்துட்டுப் போயிருங்க."

"அது தப்பு இல்ல. அதுதான் சரி. நான்தான் தப்பாப் பாடிட்டிருக்கேன்" என்றேன். பிள்ளையைப் பார்த்தும் சொன்னேன், "நீ பாடினதுதான் கண்ணு சரி. அதை மாத்தாத."

பிள்ளை அம்மாவைப் பார்த்தாள். "அம்மணி, அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. உன்ற மனசு நோகக் கூடாதுன்னு சொல்றாங்க. நீ அவங்க பாடறாப்பலப் பாடோணும்" என்றாள் அம்மா. பின்னால் மில்லில் மணி அடித்தார்கள். அவள் எழுந்தாள். "ஒருக்காப் பாடுங்க. நேர்ல கேட்டு எத்தன வருசமாச்சு, கேட்டுப்போட்டு ஓடிர்றேன்."

பாடினேன். அவள் பாடிய மாதிரி பாடிவிட வேண்டும் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். கீழே இறங்கி, அந்த ஒரு நொடி நின்று, பிறகு ஏற வேண்டும். அவள் எதிரிலேயே அதைப் பாடிக் காட்டிவிட்டால் அவளுக்கு ஞாபகம் வந்துவிடும், என்னை நம்பிவிடுவாள் என்று நினைத்தேன். உச்சிக்குப் போனேன், வழுக்கினேன், பஞ்சமத்தைத் தொட்டேன். நிற்க வரவில்லை. முப்பது வருஷம் பாடிப் பாடிப் பழகின தொண்டை, நான் சொல்வதைக் கேட்காமல், வழவழவென்று மேலே ஏறிப் போய் உட்கார்ந்துவிட்டது.

பிள்ளை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். உடனே எடுத்தாள். ஏறினாள், வழுக்கினாள், எங்கேயும் நிற்காமல் ஏறிவிட்டாள். அப்படியே நான் பாடியதுதான்.

"பார்த்தீங்களா! வந்துருச்சு!" என்று அவள் பிள்ளையின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது. "இன்னொருக்காப் பாடு அம்மணி, மறந்துபோகும்."

பிள்ளை இன்னொரு தடவை பாடினாள். இந்தத் தடவை இன்னும் சுத்தமாக இருந்தது. இருவரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் "சபாஷ்" என்றேன்.